சுழலும் காற்றும் விழும் காற்றும்

மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் கலக்கும் முகத்தை அடுத்த மூதூரிலும், அதனைச் சூழ்ந்த தோப்பூர், சம்பூர், கட்டைபறிச்சான், கிளிவெட்டி போன்ற ஊர்களிலும் காற்றினால் நேரும் சேதங்கள் செய்திகளில் இரண்டு பெயர்களில் இடம்பெறுகின்றன. வங்காள விரிகுடாவில் உருவாகி நாட்கணக்கில் நகர்ந்து வந்து கரையைக் கடப்பது சூறாவளி எனவும், ஒரு பிற்பகலில் கால் மணி நேரம் வீசிக் கூரைகளைக் கழற்றி மரங்களைச் சாய்த்துவிட்டு ஓய்வது 'மினி சூறாவளி' எனவும் வழங்கப்படுகின்றன. பின்னது முன்னதன் சிறிய வடிவமே என்ற எண்ணத்தை இந்தப் பெயர் வேரூன்றச் செய்துவிட்டது; உண்மையில் பிறப்பிலும் கட்டமைப்பிலும் ஆயுளிலும் இவை வெவ்வேறானவை என்பதோடு, ஒன்றுக்காகச் செய்யப்படும் ஏற்பாடு மற்றதன்போது பெரும்பாலும் கைகொடுப்பதில்லை.

சூறாவளி என்பது பல நூறு கிலோமீற்றர் விட்டமுள்ள தாழமுக்கச் சுழற்சியாகும். கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்துடன் இருக்கும்போது, ஆவியாகி மேலெழும் நீர் மேகத்தில் ஒடுங்கி வெளியிடும் மறைவெப்பமே அதன் எரிபொருள். புவியின் சுழற்சி காற்றைப் பக்கவாட்டில் திருப்பும் கொரியோலிஸ் விளைவே அதற்குச் சுழற்சியைக் கொடுக்கிறது. நிலநடுக்கோட்டில் இவ்விளைவு இல்லாமையால், 5 பாகை அகலக்கோட்டிற்கு உட்பட்ட கடலில் சூறாவளிகள் மிக அரிதாகவே தோன்றுகின்றன. டோர்னாடோ இதனின்றும் முற்றாக வேறுபட்டது. அது ஓர் இடிமேகத்தின் அடியிலிருந்து தொங்கி நிலத்தைத் தொடும், கடுமையாகச் சுழலும் ஒரு காற்றுத் தூண். அதன் அகலம் பெரும்பாலும் சில பத்து மீற்றர் முதல் சில நூறு மீற்றர் வரைதான், அதன் ஆயுள் பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். மூன்றாவதாக, சுழற்சியே இல்லாமல் இடிமேகத்திலிருந்து செங்குத்தாகக் கீழே விழுந்து நிலத்தில் மோதிச் சிதறும் காற்று ஒன்றுண்டு. மூதூர்ப் பகுதியில் 'மினி சூறாவளி' எனப்படுவதில் பெரும்பகுதி இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்ததாகவே இருக்கக் கூடும் என்பதற்கான காரணங்களைப் பின்னர் காணலாம்.

டோர்னாடோ உருவாவதற்கு முதலில் ஓர் உயரமான இடிமேகம் வேண்டும். நிலத்தை ஒட்டிய காற்று வெப்பமும் ஈரமும் மிக்கதாகவும், அதற்கு மேலுள்ள காற்று குளிர்ந்து உலர்ந்ததாகவும் இருக்கையில், கீழுள்ள காற்று சற்றே உந்தப்பட்டாலும் தானாகவே மேலெழத் தொடங்கி, பத்துக் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தை எட்டிவிடுகிறது. ஆனால் இவ்வளவும் சாதாரண இடிமழைக்கே போதுமானது. டோர்னாடோவுக்கு மற்றுமொரு நிபந்தனை தேவை: உயரம் ஏற ஏறக் காற்றின் வேகமும் திசையும் வெகுவாக மாறவேண்டும். இதனைக் காற்றுச் சறுக்கம் என்பர். தரையில் மெதுவாகவும் மேலே விரைவாகவும் காற்று வீசும்போது, இடையிலுள்ள காற்று விரித்த பாயைச் சுருட்டுவது போலக் கிடையாக உருளத் தொடங்குகிறது. அந்த உருளையின் ஒரு பகுதியை இடிமேகத்தின் மேலெழும் காற்று தூக்கி நிமிர்த்துகையில், கிடையாக இருந்த சுழற்சி செங்குத்தாக மாறி மேகத்தின் உள்ளே புகுந்துவிடுகிறது. இவ்வாறு சில கிலோமீற்றர் அகலத்தில் நிலையாகச் சுழலும் மேலெழு காற்றைக் கொண்ட இடிமேகமே பெருங்கல முகில் என அழைக்கப்படுகிறது. சாதாரண இடிமேகம் தன் மழையாலேயே தன் மேலெழு காற்றை ஒரு மணி நேரத்திற்குள் அணைத்துவிட, பெருங்கல முகிலில் மழை விழும் இடமும் காற்று எழும் இடமும் வேறு வேறாகப் பிரிந்திருப்பதால், அது பல மணி நேரம் தன்னைத்தானே ஊட்டி வளர்க்க வல்லது.

அகன்ற இச்சுழற்சி எவ்வாறு குறுகிய கொடுஞ்சுழலாக மாறுகிறது என்பதை ஒரு கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். சுழலும் பொருளொன்று மையத்தை நோக்கிச் சுருங்கும்போது, அதன் வேகத்தையும் மையத்திலிருந்து அதற்குள்ள தூரத்தையும் பெருக்கி வரும் எண் மாறாதிருக்கும் என்பது கோண உந்தக் காப்பு விதியாகும். மையத்திலிருந்து 5 கிலோமீற்றர் தூரத்தில் செக்கனுக்கு 1 மீற்றர் என்னும், மர இலை அசையாத அளவு மெல்லிய வேகத்தில் சுழலும் காற்று, 100 மீற்றர் தூரத்திற்கு இழுத்துக் குறுக்கப்படுமாயின், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், அதன் வேகம் செக்கனுக்கு 50 மீற்றர், அதாவது மணிக்கு 180 கிலோமீற்றர் ஆகிவிடும். மேகத்தின் பின்புறத்திலிருந்து இறங்கி வந்து சுழற்சியைச் சுற்றிக்கொள்ளும் குளிர்காற்று, இந்தச் சுருக்கத்தை நிலமட்டம் வரை கொண்டுவருவதில் முக்கிய பங்கு வகிக்கிறது எனக் கருதப்படுகிறது. எனினும் சுழலும் இடிமேகங்களில் பெரும்பாலானவை டோர்னாடோவை ஈனாமலே கலைந்துபோகின்றன. ஒரே தன்மையுடையனவாகத் தோன்றும் இரு மேகங்களில் ஒன்று மட்டும் அதனை ஏன் தோற்றுவிக்கிறது என்ற கேள்விக்கு வளிமண்டலவியல் இன்றும் முழுமையான விடை காணவில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் சமவெளிகளில் மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரக்காற்றும் மேற்கு மேட்டுநிலங்களின் உலர்காற்றும் சந்திப்பதே அந்நாட்டில் ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட டோர்னாடோக்கள் பதிவாவதற்கு முக்கிய காரணம். ஆயினும் வரலாற்றில் மிகக் கூடுதலான உயிர்களைப் பறித்தது எனக் கருதப்படும் டோர்னாடோ அமெரிக்காவில் அன்றி, 1989 ஏப்ரல் 26 அன்று பங்களாதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்திலேயே வீசியது. தௌலத்பூர், சாதூரியா பகுதிகளைத் தரைமட்டமாக்கிய அது ஏறத்தாழ 1,300 பேரைப் பலிகொண்டது. 1978 மார்ச்சில் டெல்லி நகரின் வடபகுதியிலும் ஒரு டோர்னாடோ இறங்கியது. இவை நிகழ்ந்த அகலக்கோடுகளில், கோடையின் தொடக்கத்தில், வங்காள விரிகுடாவின் ஈரம் கீழேயும் வடமேற்கிலிருந்து வரும் விரைந்த உலர்காற்று மேலேயும் இருப்பதால் காற்றுச் சறுக்கம் மிகுதி. எட்டரைப் பாகை வடக்கில் உள்ள மூதூரின் வானில் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் குறைவில்லை. ஆனால் மேலே அத்தகைய விரைந்த மேல்காற்றோட்டம், பருவக்காற்று ஓயும் இடைப்பருவ காலங்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவேதான் அமெரிக்கத் திரைப்படங்களில் காணும் அரக்கச் சுழல் கிழக்கிலங்கையில் எதிர்பார்க்கத்தக்கதன்று.

அதன் எளிய உறவினமொன்று கடலில் தோன்றுவதுண்டு. பெருங்கல முகில் இல்லாமலே, வளர்ந்துவரும் சாதாரணக் குவிமேகமொன்றின் கீழே, இருவேறு காற்றுகள் சந்திக்கும் கோட்டில் ஏற்படும் சிறு சுழலை மேலெழு காற்று நீட்டி இறுக்குவதால் உண்டாகும் இதனை நீர்த்தாரை என்பர். கடல்நீரை மேகம் உறிஞ்சிக் குடிக்கும் காட்சி என்றே கரையோர மக்கள் பலரும் இதனைக் கருதிவருகின்றனர். கண்ணுக்குத் தெரியும் அந்தத் தூண் பெரும்பாலும் கடல்நீரே அன்று. சுழலின் நடுவில் அமுக்கம் குறைவதனால் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து ஒடுங்கிய மேகத்துளிகளே அது. கடல்நீர் தூறலாக எழுவது அடியிலுள்ள சில மீற்றர் உயரத்தில் மட்டுமே. அங்கே நீரோடு சிறு மீன்களும் தூக்கப்பட்டுத் தொலைவில் விழக்கூடும் என்பதே 2014 மே மாதம் சிலாபம் பகுதிக் கிராமமொன்றில் பெய்த மீன்மழைக்குப் பொதுவாகக் கூறப்பட்ட விளக்கமாகும்.

அமெரிக்காவின் புளோரிடாத் தீவுகளில் 1970-களில் விமானத்திலிருந்து நீர்த்தாரைகளை ஆராய்ந்த ஜோசப் கோல்டன், அவை படிப்படியாக உருவாவதைக் கண்டறிந்தார். முதற் கட்டத்தில் தூண் எதுவும் தெரிவதில்லை. கடற்பரப்பில் வட்டமான, வெளிறிய நிறத்தில் ஒரு திட்டும் அதைச் சுற்றிக் கருமையான வளையமும் மட்டுமே தென்படும். அடுத்து அதனைச் சுற்றி ஒளியும் நிழலுமான சுருள் கோடுகள் தோன்றும். பின்னரே அடியில் தூறல் வளையம் எழுந்து, மேகத்திலிருந்து புனல் முழுமையாக இறங்கும். வள்ளத்தில் தொழிலுக்குச் செல்வோருக்கு இதனால் ஒரு பயனுண்டு: கருமேகத்தின் தட்டையான அடிப்பாகத்தின் கீழே கடலில் அத்தகைய வட்டத் திட்டோ தூறல் வளையமோ தென்பட்டால், அது நகரும் திசைக்குச் செங்குத்தான திசையில் வள்ளத்தைத் திருப்பி விலகிவிடலாம். அதனுடன் ஓடிப் போட்டியிடுவதோ, படம் பிடிப்பதற்காக அருகில் செல்வதோ தற்கொலைக்கு ஒப்பாகும். பெரும்பாலான நீர்த்தாரைகள் கால் மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. கரையேறியதும் விரைவில் வலுவிழப்பவையே அதிகம்.

இனி விழும் காற்றுக்கு வரலாம். இதனைக் கண்டறிந்தவர் ஜப்பானில் பிறந்து சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தெத்சுயா புஜிதா. டோர்னாடோக்களை அவை விளைக்கும் சேதத்தைக் கொண்டு சுழியம் முதல் ஐந்து வரை தரப்படுத்தும் அளவீட்டை 1971-இல் வகுத்தவரும் அவரே. 1975 ஜூன் 24 அன்று நியூயோர்க்கின் கென்னடி விமான நிலையத்தில் இடிமழையினூடே தரையிறங்க முயன்ற பயணிகள் விமானமொன்று விழுந்து 113 பேர் மாண்டபோது, அதன் காரணத்தை ஆராய்ந்த அவர், மேகத்திலிருந்து கீழே விழுந்து தரையில் மோதி எல்லாத் திசைகளிலும் விரியும் காற்றே விமானத்தை அழுத்தியது என்ற முடிவுக்கு வந்தார். 1945-இல் அணுகுண்டு வீழ்ந்த நாகசாகியையும் ஹிரோஷிமாவையும் பார்வையிட்டபோது, வெடிப்பு நேர்ந்த புள்ளியின் கீழிருந்து நாற்புறமும் மரங்கள் சாய்ந்து கிடந்த வடிவம் அவர் நினைவில் தங்கியிருந்தது. முப்பது ஆண்டுகளின் பின் இடிமழைச் சேதங்களின் வான்படங்களில் அதே வடிவத்தை அவர் அடையாளம் கண்டார். அறிவியலில் ஒரு துறையின் காட்சி இன்னொரு துறையின் பூட்டைத் திறப்பது புதிதல்ல எனினும், இத்துணைத் துயரமான திறவுகோல் அரிது.

விழும் காற்றின் இயக்கம் சுழற்சியைவிட எளிமையானது. இடிமேகத்தில் தேங்கிய மழைநீரின் பாரம் தன்னைச் சூழ்ந்த காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்குகிறது. இறங்கும் வழியில் உலர்ந்த காற்றைச் சந்திக்கும் துளிகள் ஆவியாகி, அதற்கான வெப்பத்தை அக்காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால், அது மேலும் குளிர்ந்து அடர்ந்து, இன்னும் விரைவாக விழுகிறது. தரையில் மோதியதும் கிடையாகப் பாய்ந்து பரவுகிறது. இதற்குக் காற்றுச் சறுக்கம் தேவையில்லை, மேல்காற்றோட்டம் தேவையில்லை. ஈரமான கீழ்க்காற்றும், நடு உயரத்தில் ஓரளவு உலர்ந்த காற்றும், ஒரு பிற்பகல் வெயிலும் போதும். மூதூரில் இவை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. மார்ச், ஏப்ரல் மாதங்களின் முதலாம் இடைப்பருவ காலத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இரண்டாம் இடைப்பருவ காலத்திலும் பருவக்காற்று ஓய்ந்திருப்பதால், நிலம் சூடேறிக் கடற்காற்று உள்நுழைந்து இடிமேகங்கள் எழுகின்றன. தென்மேற்குப் பருவ காலத்தில் மத்திய மலைகளில் மழையை இறக்கிவிட்டு வறண்டு வரும் கச்சான் காற்று, கொட்டியாரக் குடாவிலிருந்து புகும் ஈரமான கடற்காற்றை எதிர்கொள்ளும் கோட்டிலும் மாலை வேளைகளில் அத்தகைய மேகங்கள் திரள்வதுண்டு. கச்சானின் வறட்சியே மழைத்துளிகளை ஆவியாக்கி விழும் காற்றுக்கு வலுவூட்டுகிறது என்பதால், மழை குறைவாகவும் காற்று கடுமையாகவும் இருக்கும் மாலைகள் அங்கே வியப்புக்குரியன அல்ல.

நடந்தது சுழற்காற்றா, விழும் காற்றா என்பதை ஒரு தென்னந்தோப்பே சொல்லிவிடும். சாய்ந்த மரங்களின் தலைகள் யாவும் ஒரே திசையை நோக்கியோ, ஒரு புள்ளியிலிருந்து விசிறியாக விரிந்தோ கிடந்தால், அது விழுந்து பரவிய காற்று. குறுகலான ஒரு பாதையில், ஒருபுறத்து மரங்கள் பாதையின் நடுவை நோக்கியும் எதிர்ப்புறத்து மரங்கள் அவற்றுக்கு எதிராகவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தால், அது சுழன்று சென்ற காற்று. கிராம உத்தியோகத்தர்கள் சேத மதிப்பீட்டின்போது வீடுகளின் எண்ணிக்கையோடு மரங்கள் சாய்ந்த திசையையும் ஒரு வரியில் குறித்துவைப்பார்களாயின், எந்த ஊரின் சேதத்துக்கு எந்தப் பெயர் உரியது என்பதில் ஊகத்துக்கு இடமிராது. இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை; ஒரு திசைகாட்டியும் ஒரு கைத்தொலைபேசிப் படமும் போதும்.

எக்காற்றாயினும் முதலில் இழக்கப்படுவது கூரையே. காற்றின் அமுக்கம் அதன் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 108 கிலோமீற்றர் வேகமுள்ள காற்று, சதுர மீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 55 கிலோகிராம் பாரத்துக்கு ஈடான அமுக்கத்தைத் தருகிறது. கூரையின் மேலாகத் தழுவிச் செல்லும்போது அது தள்ளுவதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. மெல்லிய உலோகக் கூரைத்தகட்டின் எடையோ சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 5 கிலோகிராம் மட்டுமே. மிகுதி அனைத்தையும் தாங்க வேண்டியவை ஆணிகளும், சலாகையையும் கைமரத்தையும் சுவரோடு பிணைக்கும் கட்டுகளுமே ஆகும். முதலில் கழலும் இடங்கள் பெரும்பாலும் கூரையின் விளிம்பும் மூலையும் முகடுமாகும், ஏனெனில் உறிஞ்சல் அங்கேதான் மிகக் கடுமை. காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்துவிட்டால், உள்ளே புகும் காற்று கீழிருந்தும் கூரையை உயர்த்துகிறது. அமுக்கத்தைச் சமப்படுத்த யன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும் என்று முன்னர் அமெரிக்காவில் பரவியிருந்த அறிவுரை இதனாலேயே கைவிடப்பட்டது. துருப்பிடித்த ஆணிகளை இடைப்பருவ காலத்துக்கு முன்னர் மாற்றி, விளிம்போரத்தில் ஆணிகளை நெருக்கமாக அறைந்து, கைமரங்களை உலோகப் பட்டியால் சுவர்மேல் வளையோடு பிணைப்பது பெருஞ்செலவின்றி முடியும் வேலை. கூரைமேல் கல்லையும் மரக்கட்டையையும் ஏற்றிவைப்பதோ, காற்றின் கையில் ஆயுதம் கொடுப்பதாகும்.

சூறாவளியின் கதை வேறு. மூதூர் உலக வரலாற்றில் பெயர் பெற்றதே ஒரு புயலினால்தான் எனலாம். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினக் கடலில் வீசிய புயலில் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பலொன்று, அதனைச் சீர்செய்வதற்காகக் கொட்டியாரக் குடாவினுள் புகுந்தது. அதிலிருந்து கண்டி மன்னனின் ஆட்களால் பிடிக்கப்பட்ட ரொபர்ட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து, தப்பியபின் 1681-இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்டார். நெருங்கிய காலத்தில், 1964 டிசம்பர் 22 அன்று இலங்கையின் வடகிழக்கைக் கடந்து அன்றிரவு தனுஷ்கோடியை அழித்த புயல், 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி, 2000 டிசம்பர் 26 அன்று திருகோணமலை அருகே கரைகடந்த சூறாவளி, 2020 டிசம்பர் 2 அன்று திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறிய புரெவி ஆகியன இக்கரையின் ஆபத்து டிசம்பரை ஒட்டிய வாரங்களில் குவிந்திருப்பதைக் காட்டுகின்றன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி, காற்றைவிட மழையாலேயே நாடெங்கும் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. மலைநாட்டில் மண்சரிவாக விழுந்த அதே மழை மகாவலி வழியே இறங்கி வர, மூதூர், வெருகல், கிண்ணியாப் பகுதிகள் வெள்ளத்தை எதிர்கொண்டன. மூதூரில் சூறாவளிக்கு அஞ்சுவோர் கடலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது போதாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. கடலைப் பொறுத்தவரை, கொட்டியாரக் குடாவின் வாயிலிலிருந்தே ஆழ்கடற் பள்ளத்தாக்கு தொடங்குவதனால், ஆழமற்ற பாக்கு நீரிணையில் 1964-இல் எழுந்தது போன்ற பேரலை இங்கே திரள்வது கடினம். ஆனால் ஆற்றுமுகத்துத் தாழ்நிலத்தில் கடல் சற்று உயர்ந்தாலே வெள்ளநீர் வடிய வழியில்லாது போய்விடும்.

சூறாவளியைச் செய்மதிகள் நாட்கணக்கில் பின்தொடர்வதால், வளிமண்டலவியல் திணைக்களம் அதன் பாதையை முன்கூட்டியே அறிவிக்க இயலும்; அனர்த்த முகாமைத்துவ நிலையம் பிரதேச செயலகங்களின் வழியாக மக்களை இடம்பெயர்க்கவும் அவகாசம் கிடைக்கும். டோர்னாடோவுக்கும் விழும் காற்றுக்கும் அந்த வசதி இல்லை. டொப்ளர் ராடார், அதாவது மழைத்துளிகள் நெருங்கும் அல்லது விலகும் வேகத்தை அதிர்வெண் மாற்றத்தால் அளக்கும் கருவி, செறிவாக நிறுவப்பட்ட அமெரிக்காவிலேயே டோர்னாடோ எச்சரிக்கைக்கும் அது இறங்குவதற்கும் இடைப்பட்ட நேரம் சராசரியாகப் பத்து நிமிடமளவுதான். இந்தியாவின் காரைக்கால் ராடார் மூதூரிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. புவியின் வளைவினால் அதன் கதிர் மூதூரை அடையும்போது பல கிலோமீற்றர் உயரத்தில் செல்வதால், மேகத்தின் தலையைக் காணுமேயன்றி அடியில் நிகழ்வதைக் காணாது. ஆகவே கடைசி எச்சரிக்கை வானமே தருவது.

அதன் அடையாளங்கள் தெளிவானவை. பிற்பகலில் உயர்ந்து தலை தட்டையாகப் பரவிய கருமேகம், அதன் முன்விளிம்பில் கிடையாக நீண்ட சுருள் மேகம், புழுக்கத்தின் நடுவே திடீரெனத் தாக்கும் குளிர்காற்று, தொலைவில் எழும் புழுதித்திரை அல்லது குடாவில் நெருங்கி வரும் வெள்ளை நுரைக்கோடு ஆகியன தோன்றினால், கையிலிருப்பது சில நிமிடங்களே. வீட்டில் கொங்கிறீற் தட்டுக் கூரையுள்ள அறை, அது குளியலறையாயினும், இருக்குமானால் அதுவே சிறந்த இடம். இல்லையேல் யன்னல்களிலிருந்து விலகி, வீட்டின் நடுச்சுவர் ஓரத்தில் கனமான மேசையின் கீழ் தலையைக் கைகளால் மூடி இருக்கலாம். வெளியில் அகப்பட்டவர்கள் தென்னை, புளி, வேம்பு நிழலையும் மின்கம்பங்களையும் வாடிகளையும் தவிர்த்து உறுதியான கட்டடத்தை நாடவேண்டும். முச்சக்கரவண்டியும் உழவு இயந்திரமும் அடைக்கலம் அல்ல. பயணிகளை ஏற்றிய வள்ளங்கள் அம்மேகம் கலையும் வரை கரையை விட்டுப் புறப்படலாகாது. காற்று ஓய்ந்தபின் அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாமல் மின்சார சபைக்கும், அவசர உதவி வேண்டின் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் இலக்கத்துக்கும் அறிவிக்கலாம்.

இடிமழைக் காலத்தில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அன்றாட அறிக்கை, இடியுடன் மழை பெய்யும் வேளைகளில் சில இடங்களில் தற்காலிகமாகப் பலத்த காற்று வீசக்கூடும் என்னும் குறிப்பை இறுதியில் சேர்ப்பது வழக்கம். தினமும் வருவதாலேயே எவரும் செவிமடுக்காத அந்த வரிதான், மூதூருக்கு விழும் காற்றைப் பற்றிப் பெரும்பாலும் கிடைக்கும் அதிகாரபூர்வ எச்சரிக்கை. அது வாசிக்கப்படும் நாட்களில் வள்ளத்தை இழுத்துக் கட்டுவதும் தளர்ந்த தகடுகளை இறுக்குவதும் பிற்பகலுக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.